கச்சானில் வந்த வலயம்

என் அண்ணன் லாபிர் காக்கா அன்றைக்குக் கடற்கரையில் நின்று உண்மையைச் சொன்னார். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன கிழமை இந்தத் தொடரை வாசித்த ஒருவர், "டீச்சர், எப்ப பார்த்தாலும் கோபத்தோடதான் எழுதுறீங்க" என்றார். ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சரிடம் வேறு என்னதான் மிஞ்சியிருக்கும்? இந்தக் கிழமையும் கோபம்தான். பிடிக்காதவர்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

அது நல்ல கச்சான் காலம். எங்கள் கரையில் கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. வாயைத் திறந்தால் பல்லில் மணல் கடிபடும். கடல் கலங்கி மண் நிறமாகிவிடும். வள்ளங்களைக் கரையின் மேல் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கியின் புகை மேலே எழும்ப முடியாமல் ஒரே பக்கமாகச் சரிந்து ஓடும்.

அந்தக் காற்றில் ஒரு ஜீப் வந்தது. வந்த வேகத்தில் மணலில் புதைந்தது. தென்னோலைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளி வெளியே எடுத்துவிட்டவர் காக்காதான். நான் அவருக்குப் பகல் சோறு கொண்டு போயிருந்தேன். சோற்றுப் பெட்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஜீப்பில் வந்த அதிகாரி இளம் ஆள், நல்ல மரியாதை தெரிந்தவர். எந்தத் திணைக்களம் என்று நான் எழுதப் போவதில்லை. காக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, கையில் இருந்த வரைபடம் பறக்காமல் ஜீப்பின் மூக்கில் வைத்து அமுக்கிக்கொண்டு, சிங்களத்தில் கேட்டார்: இந்தக் கரை யாருடையது?

காக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. யோசிக்கவேயில்லை.

"தன் காகேவத் நெவெய், மாத்தயா."

இப்போது யாருடையதும் இல்லை, ஐயா என்று அர்த்தம்.

நான் பக்கத்தில் போய்த் தமிழில் சொன்னேன். "காக்கா, நம்மட பாடு எண்டு சொல்லுங்க."

"கச்சான் மாசத்தில அப்பிடிச் சொல்லக்கூடா, புள்ள."

"அவர் எழுதிக்கொண்டு போகப் போறார்."

"எழுதட்டும். இரிக்கிறதத்தானே சொன்னன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். ‘இப்போது’ என்ற சொல்லை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. பின்னால் வந்த கடிதங்கள் எதிலும் அந்தச் சொல் இல்லை.

யாருடையதும் இல்லாத மாதங்கள்

கரைவலை தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. வலையை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டு வருவார்கள். பிறகு கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இரண்டு தலைக் கயிற்றையும் இழுப்பார்கள். வலை ஒருவருடையது, அவர் சம்மாட்டி. இழுக்கிறவர்களுக்குப் பங்கு. ஒவ்வொரு சம்மாட்டிக்கும் வலை இழுக்க இவ்வளவு கரை என்று எல்லை உண்டு. அதைத்தான் பாடு என்போம். எங்கள் பாடு வாப்பாவிடமிருந்து காக்காவுக்கு வந்தது, வாப்பாவுக்கு அவருடைய வாப்பாவிடமிருந்து.

எல்லைக்கு அடித்த முளைகள் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் மட்டும் நிற்கும். கச்சான் பிறந்ததும் அவற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கென்று ஒரு நாள் உண்டு. வாடி என்கிற கரைக் கொட்டிலின் கூரையை இறக்கி, கடைசி வலையில் பட்ட மீனைக் கரையிலேயே ஆக்குவோம். லெப்பை வந்து பாத்திஹா ஓதுவார். பக்கத்துப் பாட்டின் சம்மாட்டி முத்தையா அண்ணன் உடப்பு என்ற ஊர்க்காரர், காக்காவை ‘நானா’ என்று கூப்பிடுவார். அவர் தன் எல்லையில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் சம்மாட்டிகள் எழும்பி, ஒவ்வொருவரும் தன் முளையைத் தானே பிடுங்கிச் சொல்வார்கள்:

"இண்டையில இருந்து இது யாருடையதும் இல்ல. வாறவங்கட வயிறு நெறயட்டும்."

இதற்குப் பெயர் பாடு விடுகிறது.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் வரலாம். வீச்சு வலையோடு வரலாம், தூண்டிலோடு வரலாம். கடல் தள்ளுகிற விறகைப் பொறுக்கலாம். வலையோ வள்ளமோ இல்லாத வீடுகளுக்குக் கச்சான் மாதங்களில் அடுப்பு எரிந்தது இப்படித்தான். கனமூலைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கேயிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

ஒரு முறை ஒரு சம்மாட்டி கேட்டார். அவருடைய பாட்டில் ஒரு தேக்குக் கட்டை ஒதுங்கியது. இதில் ஒதுங்கியது எனக்குத்தான் என்று ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. கச்சான் முடிந்து அவர் வலை விட வந்த நாளில் கயிறு பிடிக்க ஒருவர்கூட வரவில்லை. கரையில் தனியாக நின்றார். கடைசியில் வலையை வந்த விலைக்கு விற்றுவிட்டு மதுரங்குளியில் ஒரு கடை போட்டார். கடை நன்றாக ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கரைக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

இப்படிப்பட்ட கரையில் வளர்ந்த மனிதரிடம், நடுக் கச்சானில் வந்து, இது யாருடையது என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறகு விசாரித்தேன். கேட்கப்பட்ட எல்லாரும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இடுப்பில் கட்டின சொல்

கடல் அடங்குகிற நேரத்தில் கரையில் ஒரு தகரப் பலகை நின்றது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் ‘கலாபய’, தமிழில் ‘வலயம்’, ஆங்கிலத்தில் ‘சோன்’. உல்லாசப் பயணிகளுக்கு ஒதுக்கிய வலயம், மற்றவர்கள் உட்பிரவேசிக்க அனுமதியில்லை.

எனக்குக் கோபம் வந்தால் அகராதியை எடுப்பேன். மற்றவர்கள் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். அதைவிட இது செலவு குறைந்தது. அன்று வீட்டுக்கு வந்து ‘சோன்’ என்ற சொல்லைத் தேடினேன். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த சொல், அதன் பிறப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அது கிரேக்கச் சொல். இடுப்புக் கச்சை என்று அர்த்தம். சட்டையைச் சேர்த்துக் கட்டுகிற பட்டி, அவ்வளவுதான். ரோமர்களிடம் போனபோதும் பட்டியாகத்தான் போனது. அவர்கள் அதற்குள் காசை முடிந்தார்கள். எங்கள் வாப்பா காசு வைத்துக் கட்டுகிற பச்சைப் பெல்ட்டைப் பார்த்திருந்தால் அவர்களுக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்திருக்கும்.

பிறகு வானத்தைப் பார்க்கிற ஆட்கள் அந்தச் சொல்லை எடுத்தார்கள். பூமிக்கு இடுப்பு இருப்பதாக நினைத்து, சூடான பட்டி ஒன்று, இளஞ்சூட்டுப் பட்டி இரண்டு, குளிர்ப் பட்டி இரண்டு என்று ஐந்து பட்டிகளைக் கட்டினார்கள். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் முதலில் நுழைந்தது அந்தப் பட்டிகளோடுதான். அவற்றில் வேலியும் இல்லை, காவற்காரனும் இல்லை. வெயில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் எல்லை.

ஒரு நிலத்தை வெட்டியெடுத்து, இது இன்ன காரியத்துக்கு, மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள் என்று சொல்கிற அர்த்தம் மிகவும் பிந்தித்தான் வந்தது. நகரம் கட்டுகிறவர்களும் சண்டை பிடிக்கிறவர்களும் கொண்டுவந்த அர்த்தம்.

மற்ற இரண்டு சொல்லையும் பார்க்காமல் விடுவேனா? வலயம் என்றால் வளையல். கலாபம் என்றால் பழைய தமிழிலும் பெண்கள் இடுப்பில் போடுகிற மணிக்கோவை. பலகையில் இருந்த மூன்று சொல்லும் உடம்பில் பூட்டுகிற பொருட்கள். மூன்றும் இரவில் படுக்கப் போகும்போது கழற்றி வைக்கிறவை. இதை வாசித்து எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், டீச்சர்தானே. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

எனக்குத் தெரிந்த வலயங்கள்

சேவையில் இருந்த காலம் முழுவதும் ‘சோனல்’ என்ற சொல்லுக்கு நாங்கள் நடுங்கினோம். கல்வி வலய அலுவலகத்தை ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்வோம். "சோனலில இருந்து ஆள் வந்திரிக்கி" என்றால் ஸ்டாஃப் ரூமில் வாயில் வைத்த பாண் துண்டு அப்படியே நிற்கும். அந்த வலயத்தின் எல்லை எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இடமாற்றம் வந்தால்தான் தெரியும்.

சிரிக்க முடியாத வலயங்களும் இருந்தன. வடக்கிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு புத்தளத்துக்கு வந்து கொட்டில்களில் கிடந்த காலத்துக்குப் பிறகு, அவர்களில் ஒரு டீச்சர் என் பாடசாலைக்கு வந்தார். வருடக்கணக்காக என் பக்கத்துக் கதிரை. அவருடைய வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. ஒரு நாள் ஊருக்குப் போய் வந்தார்.

"வீட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"தூரத்தில இருந்து பாத்தன். ஓடு மாத்தியிருக்காங்க. உள்ள இருக்கிற ஆள் ஒருத்தர் சொன்னார், வீடு நல்லா இருக்காம்."

வீட்டின் சுகத்தை அடுத்தவரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார் அந்தப் பெண். அதைச் சொல்லிவிட்டு அவர் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார். வலயம் என்ற சொல்லில் எனக்கு வெறுப்பு விழுந்தது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டுக்கு அது வரும் என்று நினைக்கவில்லை.

காற்றோடு வந்தவர்கள்

எங்கள் கரைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவது கச்சான் காற்றுக்காகத்தான். பெரிய பட்டங்களை இடுப்பில் பூட்டிக்கொண்டு, காலில் பலகையோடு தண்ணீரின் மேல் வழுக்கிப் போவார்கள். நாங்கள் கடலை விட்டு ஏறுகிற மாதங்களில் அவர்கள் இறங்குவார்கள். எந்த வருடமும் அதில் தகராறு வந்ததில்லை. காக்காவுக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கும். ஒரு பெண் பட்டத்தோடு கரையில் வந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டபோது, மதினி எண்ணெய் போட்டு உருவி விட்டார்.

அவர்களில் யாரும் இந்தக் கரையை எங்களுக்கு மட்டும் கொடு என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்கள் பட்டம் விடத் தெரியாதவர்கள். கொழும்பில் இருந்துகொண்டு, கச்சானில் எடுத்த படங்களைப் பார்த்து, வெறும் கரை என்று முடிவு செய்தவர்கள்.

பலகை நின்ற பிறகு பாட்டில் வலை விட முடியவில்லை. கயிறு பிடித்த ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். சிலர் உப்பளத்துக்குப் போனார்கள், சிலர் எத்தாளைத் தோட்டங்களில் வெங்காயம் கிண்டப் போனார்கள். ஒருவர் அந்த வலயத்துக்கே கட்டட வேலைக்குப் போனார். அவர் காக்காவைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார், கதைக்க மாட்டார். வலை வாடியிலிருந்து வீட்டுக்கு வந்து, கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் குவியலாகக் கிடந்தது.

வாசித்துக் காட்டிய கடுதாசி

நான் சும்மா இருக்கவில்லை. புத்தளம் நகரத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். அவர் நம்பிக்கையாகவே கதைத்தார். சம்மாட்டி ஒரு சத்தியக் கடுதாசி கொடுக்கட்டும், பக்கத்துச் சம்மாட்டி சாட்சி சொல்லட்டும், பலகையை நகர்த்த வைக்கலாம் என்றார். முத்தையா அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய பாடு பலகைக்கு அந்தப் பக்கம், தப்பித்துவிட்டது. அந்த வெட்கம் அவருக்கு இருந்தது. அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடுதாசியை எடுத்துக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனேன். மதினி பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். காக்காவின் கண் இப்போது சரியில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ‘வருடம் முழுவதும் இடைவிடாமல் என் பாவனையிலும் உரிமையிலும் இருந்து வருகிறது’ என்ற இடத்தில் கையை நீட்டினார்.

"அத எடுத்துப் போடு."

"அது இல்லாட்டிக் கடுதாசி நிக்காது காக்கா. அதுதான் முக்கியம்."

"இடைவிடாம இருந்திச்சா? நீயும் பாடு விடுற சோறு திண்டுதானே வளந்த."

"சட்டத்துக்கு அப்பிடித்தான் எழுதோணும். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க."

"கச்சானில அது விறகு பொறுக்க வந்த ஆட்கள்ட. அவங்களுக்கு விட்டதையும் சேத்து என்டது எண்டு நான் சத்தியம் பண்ணுறதா?"

நான் கத்தினேன். வயதில் மூத்தவர் முன்னால் கத்தினேன். விறகு பொறுக்க வந்தவர்களும் இப்போது வர முடியாது, பலகை அவர்களுக்கும்தான் நிற்கிறது, இந்தப் பொய்யால் யாருடைய வயிற்றில் அடிக்கிறோம் என்று கேட்டேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அவரும் என் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும்.

காக்கா நான் கத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ படிச்சவ, நீ சொல்லுறது சரியாத்தான் இரிக்கும். ஆனா பொய் சொல்லி எடுத்த பாட்டில, எந்த வாயால பிஸ்மி சொல்லி வலை விடுற?"

கடுதாசியை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இப்போது இதை எழுதும்போதும் திட்டுகிறேன்.

கந்தோரில்

கடல் நன்றாக அடங்கிய பிறகு, ஒரு காலையில் காக்கா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"வா புள்ள, கந்தோருக்குப் போவம். இப்ப சொல்லலாம்."

"என்னத்த?"

"என்ட பாடு எண்டு. இப்ப சொன்னா உண்மைதானே."

இத்தனை மாதமும் இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். நானும் அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திணைக்கள அலுவலகத்தில் ஜீப்பில் வந்த அதிகாரி இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு பெண் இருந்தார். காக்காவுக்குக் கதிரை போடச் சொன்னார். காக்கா உட்காரவில்லை. நின்றபடி, நல்ல சிங்களத்தில், ஒரே மூச்சில் சொன்னார்: நான் இன்ன ஊர்ச் சம்மாட்டி, போன கச்சானில் உங்கள் மாத்தயா வந்து கேட்டபோது யாருடையதும் இல்லை என்று சொன்னேன், இப்போது கடல் திறந்துவிட்டது, இப்போது அது என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்னும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். வரைபடத்தை விரித்து, வலயம் என்றால் பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை, எழுதினால் எழுதினதுதான், வருடம் முழுக்க அது வலயத்தை எடுத்தவர்களுடையது என்று பொறுமையாக விளக்கினார்.

"கச்சானிலயுமா?"

"ஓவ், கச்சானிலயும்."

காக்கா வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"அப்ப அவங்க எப்ப விடுவாங்க?"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். பாடு விடுகிறதை நான் சிங்களத்தில் சொன்னேன். சோறு, மீன், முளை பிடுங்குகிறது, சொல்கிற வார்த்தை எல்லாம். கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி, அப்படி ஒன்று திட்டத்தில் வைக்கப்படவில்லை அம்மா என்றார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி சொன்னார். காக்கா அதைக் குடித்து முடித்து, கோப்பையை மேசையின் நடுவில் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

இந்த வருடம்

இந்த வருடமும் கச்சான் பிறந்தது. முதல் நாள் இரவே ஓட்டின் மேல் மணல் விழுகிற சத்தம் கேட்டது.

பாடு விடுகிற அன்று காலையில் நான் காக்கா வீட்டில் இருந்தேன். எல்லாச் சம்மாட்டிமாரும் முத்தையா அண்ணனின் பாட்டில் கூடிச் சோறாக்குவதாகப் பேச்சு. அது முடிந்ததும் அவர் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவார். காக்காவைக் கூட்டிப் போக அவரே வந்திருந்தார், தோளில் புதுத் துவாய். மதினி முந்தின நாளே சாரனைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார். காக்கா அதை எடுக்கவில்லை. பழைய சாரனோடு வாசல் கதிரையில் இருந்தார்.

"வாங்க நானா, லெப்பை வந்திட்டார். நீங்க இல்லாம நாங்க எப்பிடித் தொடங்கிற?"

"நீங்க செய்ங்க, முத்தையா."

"பாடு போனா என்ன? நீங்க சம்மாட்டிதானே. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டிட்டன் எண்டு."

காக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"என்ட கையில இல்லாதத நான் எப்பிடி விடுற?"

முத்தையா அண்ணன் வாசலை விட்டு இறங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, தன்னுடைய பாட்டை விடுவதற்குத் தனியாக நடந்து போனார்.